கீசரும் பெரணியும்

செம்பூர் திலக் நகரில் எங்கள் குளியலறை
நாலடிக்கு ஐந்தடி.
நின்று கையை விரித்தால்
இந்தப் பக்கம் கீசர், அந்தப் பக்கம் ஜன்னல்.
ஜன்னல் என்றால் மூன்று கண்ணாடிப் பட்டைகள்.
அதற்கப்பால் டக்ட்.
டக்டில் ஏழு வீட்டுக் குழாய்களும்
யாரோ தவறவிட்ட குழந்தை சாக்ஸ் ஒன்றும்.

அந்த ஜன்னல் கட்டையில்தான் வைத்தேன்
நூற்றெண்பது ரூபாய்ப் பெரணியை.
முதலில் வாங்கியது ஹாலில் செத்திருந்தது,
மின்விசிறிக் காற்றில் அப்பளமாய் நொறுங்கி.
"வெயில் வேண்டாம் தீதி, இதுக்கு ஈரம்தான் சாப்பாடு.
குளிக்கிற இடத்துல வைங்க" என்றான்
ஸ்டேஷன் பக்கத்து நர்சரி பன்ஸி.
ஓர் உயிருக்கு என்ன வேண்டும் என்பதை
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறான்.

வீட்டில் ஐந்து பேர்.
மாமனாருக்குப் பச்சைத் தண்ணீர், மூன்று சொம்பு, முடிந்தது.
நாத்தனார் யாமினி
ஷாம்பு நுரையில் கொஞ்சம் செடிக்கும் தெளித்துவிட்டு வருவாள்.
கபிலன் அதற்கு எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிப்பான்.
ஏழெட்டு எத்தனை என்று தடுக்கும்போது
இலையை எண்ணுவான்.
நான் கடைசி.
தாழ்ப்பாள் போட்டபின்
என்னிடம் எதுவும் கேட்காத ஒரே உயிர் இது.

டிசம்பர் கடைசியிலிருந்து
அது வளர்ந்த வளர்த்தி இருக்கிறதே!
மரவட்டை சுருண்டாற்போல் குருத்துகள்,
வாரத்துக்கு நாலு, ஐந்து,
சுருள் பிரித்துக்கொண்டு வந்தன.
ஊரெல்லாம் உதடு வெடிக்கிற ஜனவரியில்
கட்டையைத் தாண்டித் தொங்கி
கீசரின் சிவப்பு விளக்கைத் தொடப் பார்த்தது.
கீழ்வீட்டுத் திவேகர் மாமி வந்து பார்த்துவிட்டு
"என்ன உரம் போடறே?" என்றாள்.
கைராசி என்றேன்.
நம்பவும் செய்தேன்.

பிப்ரவரியில் கரன்ட் பில்.
இரண்டு மடங்கு.

கணக்குப் பார்த்தேன்.
மாமனார் இல்லை. யாமினி இல்லை.
இரவு பத்து மணிக்குப் போவார் தனபால்.
"ஆபீஸ் அலுப்பு, கொஞ்சம் வெந்நீர் ஊத்திக்கறேன்."
நாற்பது நிமிடம் குழாய்ச் சத்தம்.
அன்று அவர் வெளியே வந்ததும் உள்ளே போனேன்.
கண்ணாடி முழுக்கப் புகை.
பெரணியின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு.
கொடியில் அவர் துண்டு
மடிப்புக் கலையாமல்,
காய்ந்து.

அப்போது கேட்கவில்லை.
மறுநாள் டிபன் டப்பா கட்டிக் கொடுத்தேன்.
வழக்கம்போல் காலியாகத் திரும்பியது.
எங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்,
எந்த பிளாட்பாரத்தில்,
அதையும் கேட்கவில்லை.

மூன்றாம் இரவு கதவைத் தட்டினேன்.
திறந்தார். சட்டை போட்டபடியே.
கீசரை அணைத்தேன்.
குழாயை மூடினேன்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
இரண்டு பேர் இருந்தால்
மூச்சு விட இடமில்லாத அறை அது.
பெரணி அவர் தோள்மேல் கிடந்தது.
"டிசம்பர் பத்தொன்பது" என்றார்.
தேதியை மட்டும்தான் சொன்னார்.

இப்போது பிவண்டியில் ஒரு கிடங்கு. பாதிச் சம்பளம்.
ஐந்து மணிக்கே கிளம்பவேண்டும்.
பத்துச் சொம்பு தண்ணீர், அதுவும் ஜில்லென்று.
துண்டு சொட்டச் சொட்டத் தொங்குகிறது.
பெரணி நுனியில் கருகத் தொடங்கிவிட்டது.
நகவெட்டியால் நறுக்கிவிடுகிறேன்.
சந்தோஷப்படத்தான் வேண்டும்.
படுகிறேன்.
ஆனாலும் அதன் முகத்தைப் பார்த்து
ஒரு மாதிரி இருக்கிறது.
அந்த மாதத்தில் இந்த வீட்டில்
அது மட்டும்தானே உடம்பு தேறியது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்
அதற்கென்றே வெந்நீரைத் திறந்துவிடுகிறேன்,
கதவை விரியத் திறந்து வைத்து.
பாதி ஆவி ஹாலுக்கு வந்துவிடுகிறது.
மாமனாரின் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகிறது.
"யார்ரா அது உள்ளே, இவ்வளவு நேரமா?"

"யாருமில்லப்பா" என்கிறார் தனபால்
கபிலனின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே.
"செடி."